ஆகப் புதிய உபரி

ஒரு பொருளுக்கு என்ன விலை என்பதை விற்கிறவரும் வாங்குகிறவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடலாம் என்று ராஜாராமன் ஐம்பத்தேழு வயது வரை நம்பிக்கொண்டிருந்தார். ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர் இப்படி ஒரு வெள்ளை மனதோடு இருந்தது ஆச்சரியம்தான். ஆனால் அவர் அதுவரை ராணுவ லாரி எதையும் விற்க முயன்றதில்லை.

அவரிடம் ஒரு ராணுவ லாரி இருந்தது. கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில், பஜனை சமாஜத்தின் பக்கவாட்டு முற்றத்தில் நிற்கும். மூன்று டன் வண்டி. மேலே இருந்த பச்சை உதிர்ந்து அடியில் இன்னொரு பச்சை தெரியும். அது எல்லைக்குப் போய்விட்டு வந்தது என்று அவருடைய அப்பா பெருமையாகச் சொல்வார். எந்த எல்லை என்று கேட்டால் மட்டும் காபி கேட்டு எழுந்து போய்விடுவார்.

இட்லிக்கும் காபிக்கும் பேர்போன குடும்பத்துக்கு ராணுவ லாரி எப்படி வந்தது என்று கேட்காதவர்கள் கிடையாது. எல்லாம் அப்பா செய்த காரியம். சமாஜத்தில் ராதா கல்யாணத்துக்குச் சமைக்கப் பெரிய அண்டாக்கள் தேவைப்பட்டன. ராணுவக் கிடங்கில் சமையல் பாத்திரங்கள் ஏலம் போவதாகக் கேள்விப்பட்டு, சமாஜத்தின் சார்பில் அப்பா போனார். பாத்திரங்கள் ஒரு லாரியின் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. கனமான பித்தளை. அப்பா மேலே ஏறி ஒவ்வொரு அண்டாவையும் தட்டிப் பார்த்தார், தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார், போட்டி போட்டு ஏலம் எடுத்தார். பிறகு பாத்திரங்களை இறக்கித் தரச் சொன்னார். கிடங்குக்காரர்கள் கையை விரித்தார்கள். இறக்குகூலிக்குத் தனி உத்தரவு வரவேண்டுமாம்; அப்படியே ஓட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். லாரியை ஒரு தரம்கூடச் சுற்றி வந்து பார்க்காமல் லாரி வாங்கியவர் இந்தப் பூலோகத்தில் தன் மாமனார் ஒருவர்தான் என்று ராஜாராமனின் மனைவி பாகீரதி இன்றைக்கும் சொல்வாள்.

அண்டாக்கள் சமாஜத்துக்குப் போயின. லாரி அப்பா தலையில் விழுந்தது. சமாஜம் நன்றிக்கடனாக முற்றத்தில் நிறுத்திக்கொள்ள இடம் கொடுத்தது. டாலிகஞ்ச் ஸ்டூடியோக்காரர்கள் யுத்தக் காட்சிகளுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு படத்தில் அது நம் ராணுவம், அடுத்த படத்தில் எதிரி ராணுவம். சாலையில் ஓடுவதற்கான வயது கடந்துவிட்டதால், காகிதத்தில் அது வண்டியே இல்லை, சினிமாச் சாமான். விஜயதசமியன்று தெருவின் துர்க்கையை ஏற்றிக்கொண்டு கங்கைக்குப் போகும். அன்று எந்தப் போலீஸ்காரரும் வண்டியின் வயதைக் கேட்டதில்லை. மேலே நிற்கிறவளுக்குப் பத்துக் கை, பத்திலும் ஆயுதம்.

அப்பாவுக்குப் பிறகு வண்டி ராஜாராமனிடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்த் துடைத்து, ஒரு தடவை ஸ்டார்ட் செய்துவிட்டு வருவார். ஒரே அழுத்தலில் உறுமிக்கொண்டு கிளம்பும். ஆபீஸிலும் சரி, வீட்டிலும் சரி, அவர் முதல் தடவை சொன்னதும் கேட்ட ஜீவன் அது ஒன்றுதான். அதை விற்க அவருக்கு மனசே இல்லை.

ஆனால் பாகீரதிக்குக் கடை வேண்டியிருந்தது. இரண்டு அறை ஃப்ளாட்டில் கிரைண்டரை வைத்து மாவு ஆட்டி, லேக் மார்க்கெட் வட்டாரத்துக்கே விற்றுக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு பாசு பாபு சத்தம் தாங்காமல் வாரம் இரண்டு முறை மணியடித்தார். பூக்கடைகளுக்கு எதிரே ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. மஹாளய அமாவாசைக்குள் முன்பணம் கொடுத்தால் கடை அவளுக்கு என்று சொந்தக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"இத்தனை வருஷமா உங்க ஆபீஸ் போர்டுல உங்க பேர் இருந்தது. சமாஜத்துப் பலகையில உங்கப்பா பேர் இருக்கு. எனக்குன்னு ஒரு பலகை வேணும், அதுல என் பேர் இருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது" என்றாள் பாகீரதி.

ராஜாராமனுக்குச் சுருக்கென்றது. அவள் கேட்டது நியாயம். "வித்துடறேன்" என்றார்.

வாங்க ஆள் தயாராக இருந்தான். ஸ்டூடியோக்களுக்குச் சாமான் பிடித்துத் தரும் ரஞ்சன். வீட்டுக்கு வந்து, பில்டர் காபி குடித்து, "தாதா, நியாயமான விலை, பௌதியும் ஒத்துக்கிட்டாங்க, முடிஞ்சது" என்று வங்காளியில் சொல்லிக் கை கொடுத்தான். தாதா என்றால் அண்ணன்; பௌதி என்கிற அண்ணி பாகீரதிதான். எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பெயர் மாற்றத்துக்கு ஒரு மதிப்புச் சான்றிதழ் மட்டும் வேண்டும். அதைக் கொடுக்க ஓர் அலுவலகம் இருந்தது.

கிழக்கு மண்டல உபரி ஊர்தி மதிப்பு நிர்ணய ஆணையகம் பாலிகஞ்சில் ஒரு பழைய ஜமீன் பங்களாவில் இருந்தது. அதன் பெயர்ப்பலகை வாசலில் தொடங்கி, சுவரோடு போய், மூலை திரும்பிச் சந்துக்குள் முடியும். 'ஆணையகம்' என்ற சொல்லைப் படிக்க வேண்டுமானால் சந்துக்குள் போகவேண்டும். நாட்டில் தேவைக்கு மேல் மிஞ்சிப்போன ராணுவ வண்டிகளுக்கெல்லாம் மதிப்புப் போடுவது அதன் வேலை. அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பஸ்ஸில் வந்தார்கள்.

கோப்பைத் தேடி எடுத்தவர் உதவி அலுவலர் சாதனா. ஆபீஸில் எல்லோருக்கும் அவர் சாதனாதி, அதாவது சாதனா அக்கா. கோப்பின் தூசியைத் தட்டிவிட்டுப் படித்தார். அவர் முகம் அனுதாபத்தில் நீண்டது.

"தாதா, உங்க குடும்பத்துக்கு லாரி எதுவும் விக்கப்படலையே. 'சமையல் பாத்திரங்கள், பொதியோடு' அப்படின்னுதான் இருக்கு."

"பொதின்னா?"

"பார்சல் கட்டற பெட்டி மாதிரி. உங்க லாரிதான் பொதி."

ராஜாராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பொதியாக இருந்தாலும் அதற்கு ஒரு மதிப்பு இருக்குமே என்று கேட்டார். இருக்கும் என்றார் சாதனாதி. ஆனால் உள்ளே இருந்த பொருளைப் பார்க்காமல் பொதிக்கு எப்படி மதிப்புப் போடுவது? பாத்திரங்களைக் கொண்டு வரவேண்டும்.

சமாஜத்துக் காரியதரிசி லக்ஷ்மிநாராயணன் அண்டாவைக் கொடுக்க முதலில் சம்மதிக்கவில்லை. "நாளைக்கு துவாதசி ஓய். சாதம் வடிக்கணும். சர்க்கார் ஆபீஸுக்குப் போனது எதுவாவது அன்னிக்கே திரும்பி வந்து பார்த்திருக்கீரா?" என்றார். தானும் கூட வருவதாகச் சொல்லி, அண்டாவின் பக்கத்திலேயே லாரியில் உட்கார்ந்து வந்தார். ஆணையகத்தின் வாசலில் அண்டாவை இறக்கினார்கள். இரண்டு அதிகாரிகள் தட்டிப் பார்த்தார்கள். மூன்றாமவர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். அண்டா முதல் தரமானது, இப்படிப்பட்ட பித்தளை இப்போது வருவதில்லை என்று எழுதினார்கள். அதைச் சுமந்து வந்த லாரி பின்னால் உறுமிக்கொண்டு நின்றது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தன் அப்பா ஏலம் எடுத்த நாளை ராஜாராமன் நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் சான்றிதழ் தயாராகிவிட்டது. ரஞ்சன் சொன்ன விலைக்குப் பக்கத்திலேயே மதிப்பு இருந்தது. துணை இயக்குநர் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. துணை இயக்குநரின் பெயர் மஹாதேவன் என்று தெரிந்ததும் ராஜாராமனுக்குப் பாதி உயிர் வந்தது. கல்கத்தாவில் நம் ஊர்க்காரர் ஒருவர் நாற்காலியில் இருந்தால் காரியம் நடக்கும் என்பது அவர் தலைமுறையின் நம்பிக்கை.

மஹாதேவன் அன்போடு வரவேற்றார். லேக் மார்க்கெட்டில் எந்தக் கடையில் முருங்கைக்காய் நன்றாக இருக்கும் என்று விசாரித்தார். பேனாவைத் திறந்து சான்றிதழின் மேல் வைத்தார். அப்போது போன் மணி அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தவர் பேனாவை மூடினார். அவர் முகம் புதுப் பேரனைப் பார்த்தவர் முகம் போல மலர்ந்தது.

"வந்துடுத்து சார்! நாற்பது லாரி. புத்தம்புது உபரி!"

"சந்தோஷம் சார். என்னோட கையெழுத்து..."

"அதெப்படிப் போட முடியும்? புது உபரி வந்தா பழைய உபரி இறங்கணும். பந்தியில புது மாப்பிள்ளை வந்து உக்காந்தா பழைய மாப்பிள்ளை ஒரு இலை தள்ளி உக்காரணுமோல்லியோ?"

ராஜாராமன் தன் வண்டி ஓடுகிற வண்டி என்பதைப் பணிவோடு சொன்னார். மஹாதேவன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"நம்மவரா இருக்கேள், அதனால மனசு விட்டுச் சொல்றேன். ஓடறதுதான் உங்க வண்டியோட பெரிய குறை. ஓடினா தேயும். பழைய காலத்துல ஒரு லாரி ஓடி ஓடித் தேஞ்சு, கடைசியிலதான் உபரியாகும். எவ்வளவு விரயம் பாருங்கோ! இப்போ நாங்க வாங்கறப்பவே உபரியா வாங்கறோம். இந்த நாற்பதுக்கும் பேட்டரி வரதுக்குள்ள அடுத்த மாடல் வந்துடுத்து. ஒரு அடி நகரலை. ஒரு சொட்டு டீசல் குடிக்கலை. எந்த சிப்பாயும் மேல ஏறலை. இத்தனை சுத்தமான உபரியை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்லை."

சான்றிதழில் மதிப்பு பாதியாயிற்று. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதுவும் செல்லாமல் போயிற்று. நாற்பது லாரிகளின் சுத்தத்தைப் பார்த்து உற்சாகமடைந்த மேலிடம், இன்னும் தொழிற்சாலையில் செய்யவே தொடங்காத இருபது லாரிகளை உபரி என்று அறிவித்துவிட்டது. அவற்றுக்குத் துரு கிடையாது, தூசி கிடையாது, நிறுத்த இடமும் தேவையில்லை. அந்த இருபதின் முன்னால் நாற்பதுகூட ஒரு படி இறங்கியது. திரும்பிப் போய்க் கேட்ட ராஜாராமனுக்கு, அவர் லாரி எத்தனை படி இறங்கியது என்பதைச் சாதனாதி கணக்குப் போட்டுப் பார்த்து, மறுபடி போட்டுப் பார்த்து, கடைசியில் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனால்கூடக் கட்டெறும்பாவது மிஞ்சும்.

ரஞ்சன் அடுத்த நாளே வந்தான். காபியைக் குடிக்கவில்லை.

"தாதா, நேத்து வரைக்கும் எனக்கு அது நல்ல லாரி. இன்னைக்கும் நல்ல லாரிதான். ஆனா சர்க்கார் பூஜ்யத்துக்குக் கீழேன்னு எழுதின பொருளுக்கு நான் காசு கொடுத்தா, முதலாளி என்னைக் கேப்பார், லாரிக்காரர் உனக்கு எவ்வளவு கொடுத்தார்னு."

பாகீரதி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னுவா. நம்ம ஆனை உயிரோட நிக்கறது, தள்ளிண்டு போறதுக்கு நாமதான் காசு கொடுக்கணும்கறா" என்றாள். அவள் குரல் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் மாவுக் கையை அவள் புடவையில் துடைத்துக்கொண்டதை ராஜாராமன் பார்த்தார். பாகீரதி புடவையில் கை துடைக்கிறவள் இல்லை. மஹாளயத்துக்கு அதிக நாள் இல்லை.

இந்த நிலையில்தான் மஹாதேவன் அவராகவே போன் செய்தார். குரலில் முருங்கைக்காய் காலத்து அன்பு திரும்பியிருந்தது. நாற்பது லாரிகளையும் பார்வையிட டில்லியிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார்; கிடங்கு மைதானத்தில் உபரிக் கண்காட்சி. லாரிகள் கொட்டகையில் இருக்கின்றன. பேட்டரி இல்லாததால் மைதானத்துக்கு வரமாட்டேன் என்கின்றன. ஆணையகத்தின் இழுவை வண்டியைக் கொண்டு இழுக்கலாம் என்றால், போன மாதம்தான் அதையும் உபரி என்று அறிவித்தார்கள். உபரியை உபயோகித்தால் அது குற்றம்.

"உங்க வண்டியைக் கொஞ்சம் கொண்டுவந்து இழுத்துக் குடுத்தேள்னா, உங்க சான்றிதழை நானே பாத்துக்கறேன்" என்றார்.

ராஜாராமன் கிளம்பும்போது பாகீரதி வாசல்வரை வந்தாள். "இழுத்துக் குடுங்கோ, தப்பில்லை. ஆனா அந்த டில்லிக்காரர் வர நேரத்துல வாயை மூடிண்டு ஓரமா நில்லுங்கோ. வண்டியைத் தொடாதேங்கோ. ஓடறதைக் கண்டாலே அந்த ஆபீஸுக்கு ஆகாது" என்றாள்.

புதுக் கயிறு வாங்கிக்கொண்டு போனார். காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டி இழுத்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத இருக்கைகளோடு நாற்பது லாரிகளும் மணப்பெண்கள் மாதிரி தலை குனிந்து பின்னால் வந்தன. கிழட்டு லாரி ஒரு தடவைகூட முனகவில்லை. தன் வண்டியை அன்றைக்குப் பார்த்ததுபோல் ராஜாராமன் என்றைக்கும் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளை பரிசு வாங்கினால்கூட இவ்வளவு பூரிப்பு வந்திருக்குமா என்பது சந்தேகம். கடைசி லாரியை இழுத்துவிட்டு, வரிசையின் ஓரத்தில் தன் வண்டியை நிறுத்திவிட்டு, மனைவி சொன்னபடி வாயை மூடிக்கொண்டு நின்றார்.

டில்லி அதிகாரி வந்தார். மாலை போட்டார்கள். அவர் பேசினார்.

"நண்பர்களே, ஒரு நாட்டின் வலிமை அது பயன்படுத்துவதில் இல்லை. பயன்படுத்தாமல் வைத்திருப்பதில் இருக்கிறது. இந்த நாற்பது லாரிகளைப் பாருங்கள். இவற்றால் ஒரு விபத்து நடந்ததுண்டா? ஒரு பழுது ஏற்பட்டதுண்டா? இவற்றைப் பற்றி ஒரு புகார் வந்ததுண்டா? இப்படி எல்லா வண்டிகளும் இருந்துவிட்டால் எதிரி நம்மைப் பற்றி என்ன கண்டுபிடிக்க முடியும்?"

கைதட்டல் ஓய்ந்ததும் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தவர், ஓரத்தில் நின்ற கிழட்டு லாரியின் முன்னால் நின்றார். இது என்ன என்றார்.

லாரிகள் எப்படி மைதானத்துக்கு வந்தன என்ற கதை வெளியே வந்துவிடுமே என்று மஹாதேவனுக்கு வியர்த்தது. "ஒப்பிட்டுப் பார்க்க வெச்சிருக்கோம் சார். பழைய உபரி எவ்வளவு மட்டம்னு ஜனங்களுக்குத் தெரியணுமே. வெறும் துரு. தள்ளினாலும் நகராது. இந்த ஜென்மத்துல கிளம்பாது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் சக்கரத்தைக் காலால் உதைத்தார்.

ராஜாராமனுக்குப் பாகீரதி சொன்னது ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. பிற்பாடு அவர் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தும், மறந்துபோயிற்று என்று பொய் சொல்லிக்கொள்ள அவரால் முடியவில்லை. ஆனால் நாள் முழுக்க நாற்பது சோம்பேறிகளை இழுத்த வண்டியை ஒருவன் காலால் உதைக்கிறான். அவர் விடுவிடுவென்று போனார். மேலே ஏறினார். ஒரே அழுத்தல். லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. மைதானமே அதிர்ந்தது. டில்லி அதிகாரியின் மாலையிலிருந்து நாலு இதழ் உதிர்ந்தது. அந்த ஒரு நிமிஷம் ராஜாராமன் பரம சந்தோஷமாக இருந்தார்.

டில்லி அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான். "ஓடுகிற வண்டியை உபரி என்று அறிவித்தது யார்?"

அறிவித்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. ஆகவே மஹாதேவன் நிமிர்ந்து நின்று பேசினார். உபரி என்றால் தேவைப்படாதது. இந்த வண்டி ஓடுகிறது. ஓடுகிற வண்டி தேவைப்படலாம். ஆகவே இது என்றைக்கும் உபரியாக இருந்ததில்லை. மேலும் கோப்பின்படி இது விற்கப்பட்ட பொருளே அல்ல, பொதி. பாத்திரங்களை இறக்கியதும் பொதியை அனுப்பியவரிடம் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. இவர் அப்பா தரவில்லை. இவரும் தரவில்லை.

"நம்மவர்ங்கறதால அபராதம் போடலை" என்று பிற்பாடு ராஜாராமனிடம் தனியாகச் சொன்னார். "அண்டாவை நீங்களே வெச்சுக்கலாம். அதுல ஆட்சேபணை இல்லை."

அன்று சாயங்காலம் ராஜாராமன் பஸ்ஸில் வீடு திரும்பினார். தோளில் இழுவைக் கயிறு இருந்தது. அது அவர் காசில் வாங்கியதால் விட்டுவிட்டார்கள். கதவைத் திறந்த பாகீரதி கயிற்றைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஸ்டார்ட் பண்ணேளா?"

"உதைச்சாண்டி. காலால உதைச்சான்."

பாகீரதி கயிற்றை வாங்கி மூலையில் வைத்தாள். உள்ளே போய்க் கிரைண்டரைப் போட்டாள். பாசு பாபு மணியடித்தார். அன்றைக்கு அவள் கதவைத் திறக்கவில்லை.

மஹாளயம் வந்து போயிற்று. பூக்கடைக்கு எதிர்க்கடையை மொபைல் உறை விற்கிற ஒருவர் எடுத்துக்கொண்டார். விஜயதசமியன்று தெருவின் துர்க்கை ஒரு வாடகை டெம்போவில் கங்கைக்குப் போனாள். சந்து திரும்பும்போது சிங்கத்தின் வால் உடைந்தது. எல்லோரும் ராஜாராமனைப் பார்த்தார்கள். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

ராணுவத்துக்குத் திரும்பிப் போன லாரி அங்கே ஒரு பெரிய சங்கடமாக ஆயிற்று. அதை ஓட்டத் தெரிந்த சிப்பாய் யாரும் இல்லை. அந்த மாடலுக்கு டீசல் போட நிதி ஒதுக்கீடு கிடையாது. நிறுத்தி வைக்கலாம் என்றால் நிறுத்துமிடத்தில் புது உபரி நின்றது. ஆகவே பூஜை விடுமுறை முடிந்ததும் முறைப்படி ஆய்வு செய்து, அதை உபரி என்று அறிவித்தார்கள். ஆணையகத்தின் விதிப்படி, ஓர் உபரியின் வயது அது உபரி என்று அறிவிக்கப்பட்ட நாளிலிருந்துதான் கணக்கு. செய்யப்படாத இருபது லாரிகளும் அதற்கு முன்னாலேயே அறிவிக்கப்பட்டவை. ஆகவே ராஜாராமனின் அப்பா ஓட்டிக்கொண்டு வந்த அந்தக் கிழட்டு லாரி, அன்றைய தேதியில் நாட்டின் ஆகப் புதிய உபரி. மஹாதேவன் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பூஜ்யங்களை இரண்டு தரம் எண்ணிப் பார்த்ததாகச் சாதனாதி சொன்னார். அவர் சர்வீஸில் அவ்வளவு பெரிய மதிப்பில் கையெழுத்துப் போட்டதில்லை.

ஏலத்தில் ஆனை விலை குதிரை விலை கொடுத்து ரஞ்சனின் முதலாளி அதை எடுத்தார். ரஞ்சன் ராஜாராமன் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டான். "கோபிச்சுக்காதீங்க தாதா. உங்ககிட்ட லாரி இருந்தது, காகிதம் இல்லை. இவங்ககிட்ட காகிதம் இருந்தது. முதலாளி வாங்கினது காகிதத்தைத்தான். லாரி அதுக்குப் பொதி" என்றான். ஷூட்டிங்கில் அதை ஓட்ட ராஜாராமனையே கூப்பிடுவதாகவும் சொன்னான். அவனுக்கும் வேறு வழியில்லை, வேறு யாருக்கும் அது கிளம்பவில்லை.

கிழட்டு லாரி மேலே ஏறியதும் நாற்பது புது லாரிகளும் பழைய உபரியாகிவிட்டன. படி இறங்கின. பேட்டரி இல்லாததற்குக் கழிவு, வெயிலில் நின்றதற்குக் கழிவு, இழுக்கப்பட்டதற்குக்கூடத் தேய்மானம் என்று ஒரு கழிவு. எல்லாம் போக, நாற்பதின் மதிப்பும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. யாராவது ஒரு லாரியைக் கொண்டுபோனால், கொண்டுபோகிற கூலியை ஆணையகமே தரும் என்று அறிவிப்பு வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஓடாத லாரியைக் கூலி கொடுத்தாலும் யார் கொண்டுபோவார்கள்? ஒருவரும் வரவில்லை.

பாகீரதி போனாள். கணவரை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டுத் தனியாக உள்ளே போனாள். கிடங்கில் நாற்பது லாரிகளையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பின்கதவைத் திறந்து மூடினாள், மேடையின் உயரத்தைத் தன் இடுப்போடு வைத்து அளந்தாள், கூரைத் தார்ப்பாயை இழுத்துப் பார்த்தாள். எஞ்சின் பக்கம் போகவேயில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மஹாதேவனிடம் வந்தாள்.

மஹாதேவன் கைகூப்பினார். "ஒரே ஒரு நிபந்தனைம்மா. இது ஓடக்கூடாது. ஓடினா இது உபரி இல்லைன்னு ஆயிடும், நாங்க திரும்ப எடுத்துக்க வேண்டியிருக்கும். மாசா மாசம் எங்க ஆபீஸ்லேர்ந்து வந்து ஓடலைன்னு பாத்துட்டுப் போவா."

"எனக்கு எதுக்கு மாமா ஓடணும்?" என்றாள் பாகீரதி. "நான் எங்கேயும் போறதா இல்லை."

இழுத்துக்கொண்டு வரும் கூலி ரஞ்சனுக்குப் போயிற்று. இழுத்தது கிழட்டு லாரி, ஓட்டியது ராஜாராமன், கட்டியது அதே கயிறு. கிடங்கிலிருந்து லேக் மார்க்கெட் வரை சாலையோரத்தில் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். பளபளக்கும் புது லாரியைத் துருப்பிடித்த லாரி இழுத்துக்கொண்டு போவது அவர்களுக்குக் கொஞ்சம் முறைகேடாகத் தெரிந்தது.

சமாஜத்து முற்றத்தில், பழைய லாரி நின்ற அதே இடத்தில், பின்கதவு சந்தைப் பார்க்கும்படி அதை நிறுத்தினார்கள். காலி முற்றத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்த லக்ஷ்மிநாராயணன் ஆட்சேபிக்கவில்லை. துவாதசிக்கு மாவு இலவசம் என்று பேச்சு. முன்பணம் கிடையாது, பாசு பாபு கிடையாது. தார்ப்பாயின் மேல் 'பாகீரதி' என்று தமிழிலும் வங்காளியிலும் எழுதிய பலகை ஏறியது. காலையில் இட்லி, சாயங்காலம் தோசை, எந்நேரமும் மாவு. ஒரு மாதத்துக்குள் சந்தில் வரிசை நிற்க ஆரம்பித்தது. ராஜாராமன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க அவருக்கு இன்னும் மனசு வரவில்லை.

ஆனால் அவர் சும்மா பேப்பர் மட்டும் படிக்கிற மனிதரா? சாந்தினிச் சந்தையில் ஒரு பேட்டரி கிடைத்தது. பெல்ட் கிடைத்தது. கரண்ட் போனால் மாவு ஆட்ட முடியவில்லை என்று பாகீரதி ஒரு நாள் அலுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் அலுத்துக்கொள்ளவில்லை.

சாதனாதி மாதா மாதம் வந்தார். வண்டி ஓடவில்லை என்று பார்த்து எழுதிக்கொள்வார், இரண்டு மசால் தோசை சாப்பிடுவார். மூன்றாவது மாதம் அவர் வந்து உட்கார்ந்த நேரத்தில் லோட்ஷெடிங். வரிசையில் நின்றவர்கள் ஐயோ என்றார்கள். மாவு தீரப் போகிற நேரம். ராஜாராமன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பாகீரதியைப் பார்த்தார். பாகீரதி சாதனாதியைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், பிறகு தன் பெயர்ப்பலகையைப் பார்த்தாள். கணவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

ஒரே அழுத்தல். லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. சக்கரங்கள் அசையவில்லை. எஞ்சினோடு பெல்ட் போட்டுக் கட்டிய கிரைண்டர் உள்ளே சுழன்றது.

சாதனாதியின் தட்டு மேஜையில் நடுங்கியது. லாரிக்கு அடியிலிருந்து நீலமாகப் புகை வந்து அவர் புடவைத் தலைப்பைத் தொட்டுவிட்டுப் போயிற்று. அவர் அந்தப் புகையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பௌதி, அது என்ன சத்தம்?"

"கிரைண்டர்" என்றாள் பாகீரதி. கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டாள்.

சாதனாதி ஒரு துண்டு தோசையைச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு கோப்பைத் திறந்து, 'ஓடவில்லை' என்று எழுதினார். மூடுவதற்கு முன் நிமிர்ந்தார்.

"புது கிரைண்டரா, பழசா?"

"பழசு சாதனாதி. ரொம்பப் பழசு."

"நல்லது. புதுசுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார் சாதனாதி. "எங்க வீட்டுல ஒரு பழைய மிக்ஸி இருக்கு. பாவம், அதோட மதிப்பு இறங்கிடும்."